கிட்டப் போகாதீர்கள், அதுவே வரும்: காலபகோஸ் கேள்வி பதில்

போன இதழில் காலபகோஸ் தீவுகளுக்கு வழிகாட்டியோடு போகும் போட்டோகிராபி பயணங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தென் அமெரிக்காவின் ஈக்வடார் கரையிலிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் கடலில், நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் எரிமலைத் தீவுகள் அவை. வந்த கேள்விகளில் பாதி லென்ஸ் பற்றி, மீதி பணம் பற்றி. எல்லாவற்றுக்கும் இடம் இல்லை, எடுத்தவற்றுக்கு மட்டும் பதில்.

திருச்சி வாசகர்: இந்தப் பயணத்துக்காகவே 600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். சரியா?

வேண்டாம். அந்தக் காசைக் கையில் வையுங்கள்.

நம் ஊர்க் காடுகளில் பழகியவர்களுக்கு நீள லென்ஸ் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பவே மனசு வராது, புரிகிறது. முதுமலையில் ஒரு மரங்கொத்தியை எடுக்கக்கூட எவ்வளவு தூரம் நிற்க வேண்டும் என்று தெரியும். காலபகோஸில் கதை வேறு. பெரிய பாலூட்டி வேட்டை விலங்குகள் அந்தத் தீவுகளுக்கு வந்து சேரவே இல்லை, மனிதன் கால் வைத்த வரலாறே 1535-இல்தான் பதிவாகிறது. அதனால் அங்குள்ள பறவைக்கும் பல்லிக்கும் உங்களைப் பார்த்து ஓடத் தோன்றுவதில்லை. நடைபாதையின் குறுக்கே கடற்சிங்கம் படுத்துத் தூங்கும், நீங்கள்தான் சுற்றிப் போக வேண்டும். இரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது காலபகோஸ் தேசியப் பூங்காவின் விதி. நீங்கள் விட்டாலும் அது விடாது, குட்டிக் கடற்சிங்கம் வந்து உங்கள் பையை முகர்ந்துவிட்டுப் போகும். அப்போது பின்னால் நகர்வது உங்கள் பொறுப்பு.

100-400 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று போதும், பறக்கும் பறவைக்கும் அதுவே. கூடவே அகன்ற காட்சியைப் பிடிக்க 16-35 மாதிரி ஓர் அகல லென்ஸ். முடிந்தால் இரண்டு கேமரா உடல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு லென்ஸ். உப்புக் காற்றிலும் படகுச் சாரலிலும் லென்ஸ் கழற்றி மாட்டுவது சென்சாருக்கு நல்லதில்லை. ஆளுக்கு ஒரு தண்ணீர் புகாத பை கட்டாயம், ரப்பர் படகில் கரைக்குப் போகும்போது அலை கேட்டுக்கொண்டு அடிக்காது.

கோவை வாசகி: ஒரு பிரபல போட்டோகிராபர் நடத்தும் பயணம் என்று விளம்பரம் வந்தது. கூடவே "இயற்கை வழிகாட்டி" என்று இன்னொருவர் சம்பளமும் கணக்கில் இருக்கிறது. இரண்டு பேர் எதற்கு? ஏமாற்றுகிறார்களா?

இல்லை. பூங்காவின் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் பெரும்பாலான இடங்களில் யாரும் இறங்கவே முடியாது. ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் 16 பேர். நீங்கள் சொல்லும் பிரபலம் உலகம் முழுக்கப் பரிசு வாங்கியவராக இருக்கலாம், கரையில் இறங்கியதும் அவரும் உங்களைப் போல ஒரு பார்வையாளர்தான். எங்கே நிற்கலாம், எப்போது கிளம்பணும் என்று சொல்வது உள்ளூர் வழிகாட்டி. என்னைக் கேட்டால் பயணத்தின் தரத்தில் முக்கால் பங்கு அந்த வழிகாட்டி கையில்தான் இருக்கிறது, விளம்பரத்தில் அவர் படம் இருக்காது என்பது வேறு விஷயம்.

கப்பலின் பாதையும் கேப்டன் இஷ்டம் கிடையாது. எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தக் கரையில் என்று பூங்கா நிர்வாகமே அட்டவணை போட்டுக் கொடுத்துவிடும், ஒரே இடத்துக்கு அதே கப்பல் 14 நாளுக்குள் திரும்ப வர முடியாது. "இன்றைக்கு வெளிச்சம் சரியில்லை, நாளைக்கு மறுபடி வருவோம்" என்ற பேச்சே இல்லை. அதனால்தான் முன்பணம் கட்டுவதற்கு முன் லென்ஸைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு அட்டவணையை வரி வரியாகப் படிக்கச் சொல்கிறேன்.

மூன்று தீவுகளின் பெயர்களைத் தேடுங்கள்: ஃபெர்னாண்டினா, எஸ்பனோலா, ஜெனோவேசா. ஒரு வாரப் பயணத்தில் மூன்றும் சேர்ந்து வருவது அபூர்வம், மேற்குப் பக்கம் போகும் கப்பல் ஃபெர்னாண்டினாவைக் காட்டும், மற்றது மற்ற இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ. ஃபெர்னாண்டினாவின் எஸ்பினோசா முனையில் கறுப்பு லாவாப் பாறை முழுக்கக் கடல் இகுவானா என்னும் பெரிய பல்லிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும், பக்கத்திலேயே பறக்க மறந்துபோன நீர்க்காகம் குட்டைச் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். அந்த நீர்க்காகம் உலகத்திலேயே அங்கும் எதிரில் இருக்கும் இசபெலா தீவின் கரைகளிலும்தான். எஸ்பனோலாவில் ஆல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவை. உலகின் அலைவரி ஆல்பட்ராஸ்கள் ஏறக்குறைய எல்லாமே கூடு கட்டுவது அந்த ஒரு தீவில். ஜெனோவேசாவில் சிவப்புக்கால் பூபி என்னும் கடற்பறவைகள், அப்புறம் பட்டப்பகலில் வேட்டையாடும் குட்டைக்காது ஆந்தை. அந்தத் தீவில் பருந்து இல்லாததால் ஆந்தை பகல் வேலையையும் எடுத்துக்கொண்டது. புயல் பெட்ரல் பறவைகள் வளைக்குள் போகும் நேரம் பார்த்து லாவா வெடிப்பில் அது ஒளிந்திருக்கும், பாறை நிறமும் அதன் நிறமும் ஒன்று என்பதால் வழிகாட்டி விரல் நீட்டிய பிறகும் சிலருக்குத் தெரியாது.

நிறுவனத்திடம் இதையெல்லாம் கேளுங்கள்: குழுவில் எத்தனை பேர், காலை ஆறு மணிக்கே இறங்க முடியுமா, ஒரு கரையில் எவ்வளவு நேரம், வழிகாட்டி இதற்கு முன் போட்டோ குழுவோடு போயிருக்கிறாரா. சாதாரணச் சுற்றுலாக் குழு பாதை முழுவதையும் நடந்து முடித்துவிட்டுத் திரும்பும். போட்டோ குழு அதே நேரத்தில் பாதையின் முதல் இருநூறு மீட்டரைத் தாண்டாது, தாண்டவும் கூடாது. இரண்டையும் ஒரே குழுவில் கலந்தால் இரு தரப்புக்கும் எரிச்சல். ஒருமுறை அப்படிக் கலந்த குழுவில் மாட்டினேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம், "நடங்க, நடங்க" என்ற குரல் இன்னும் காதில் இருக்கிறது.

யாழ்ப்பாண வாசகர்: எந்த மாதம் போவது நல்லது?

எதை எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டில் இருந்தாலும் அங்கே வெயில் காலம், குளிர் காலம் என்று இரண்டு உண்டு, காரணம் கடல் நீரோட்டம். டிசம்பர் கடைசியிலிருந்து மே வரை வெதுவெதுப்பான நீர், அவ்வப்போது மழை, மேட்டு நிலம் பச்சை, கடல் அமைதி. ஜூன் முதல் நவம்பர் வரை தெற்கிலிருந்து ஹம்போல்ட் என்ற குளிர் நீரோட்டம் மேலோங்கும். வானம் மூடியே இருக்கும், மேட்டில் 'கருவா' என்னும் தூவானம். கடல் கொந்தளிக்கும், நீருக்குள் இரை அதிகம், அதனால் பறவைகளும் சுறுசுறுப்பு.

மூடிய வானம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள், கறுப்புப் பாறையில் கறுப்பு விலங்கு எடுப்பவருக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. ஆல்பட்ராஸ் வேண்டும் என்றால் ஏப்ரல் முதல் டிசம்பருக்குள் போகணும், மற்ற மாதங்களில் அது கடலில் இருக்கும். எனக்குப் பிடித்தது மே: மழையின் பச்சை மிச்சம் இருக்கும், ஆல்பட்ராஸும் வந்திருக்கும், கடலும் இன்னும் கோபித்துக்கொண்டிருக்காது.

சென்னை வாசகர்: நண்பர் கொண்டுவந்த படங்களில் இகுவானாக்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. உண்மையில் அந்த நிறமா?

அவரது கேமரா செய்த வேலை. கறுப்புப் பாறை பிரேமை நிறைத்தால் கேமராவின் ஒளிமீட்டர் "ரொம்ப இருட்டு" என்று முடிவு கட்டி வெளிச்சத்தை ஏற்றிவிடும், கறுப்பு வெளுத்துப் போகும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கீழே இறக்கச் சொல்லுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). அதே பாறை மேல் வெள்ளை வெளேரென்று நாஸ்கா பூபி வந்து உட்கார்ந்தால் இன்னும் கவனம், சிறகின் வெள்ளை ஒருமுறை எரிந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் திரும்பி வராது. ஹிஸ்டோகிராம் என்னும் வெளிச்ச வரைபடத்தைப் பாருங்கள், பின்திரையை நம்பாதீர்கள். அந்த வெயிலில் திரையில் எதுவுமே தெரியாது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நிலநடுக்கோட்டில் சூரியன் ஆறு மணியளவில் நேர் செங்குத்தாக ஏறும், மாலை ஆறு மணியளவில் அப்படியே இறங்கும். பொன்வெயில் என்பது நீங்கள் ட்ரைபாடை விரிப்பதற்குள் முடிந்துவிடும். அதோடு பூங்காவில் கரையில் இருக்க அனுமதி காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான், அஸ்தமனத்துக்குப் பிறகு கரையில் நின்று நட்சத்திரம் எடுக்கும் திட்டத்தை மறந்துவிடுங்கள்.

ஆனால் அந்தச் சின்ன நேரத்தில் கிடைப்பது லேசுப்பட்டதல்ல. கடல் இகுவானா குளிர் ரத்தப் பிராணி, இரவில் உடம்பு விறைத்துவிடும். காலையில் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து வெயில் காய்ந்துகொண்டு கிடக்கும், அசையாது. கடலுக்குள் இறங்கிப் பாசி மேய்கிற ஒரே பல்லி இனம் அது. பாசியோடு உள்ளே போன உப்பை மூக்கின் பக்கத்துச் சுரப்பி பிரித்தெடுக்கும், அதைத் தும்மி வெளியே தள்ளும். தலை மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது அந்த உப்புதான். சூரியன் அதன் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள், பின்னணியில் நிழல் விழுந்த பாறை வரட்டும், ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒன்று, தொடர் பிடிப்பு. தும்முவதற்குச் சற்று முன் தலை லேசாக மேலே போகும். அப்போது அழுத்தினால் உப்புத் துளிகள் ஒளிக்கீற்றாக விழும். காத்திருக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவர் "போதும் வாங்க" என்று சொல்லாதவராக இருக்க வேண்டும்.

ஃபிளாஷ் கூடாது. சொல்லித்தான் தெரியணுமா என்று நினைக்கலாம், சொல்ல வேண்டியிருக்கிறது.

புதுச்சேரி வாசகர்: எரிமலை வெடித்து லாவா வழிவதைப் படம் எடுக்க முடியுமா?

அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். காலபகோஸ் எரிமலைகள் உயிரோடுதான் இருக்கின்றன. இசபெலா தீவின் வுல்ஃப் 2022 ஜனவரியில் வெடித்தது, ஃபெர்னாண்டினாவின் லா கும்ப்ரே 2024 மார்ச்சில். அந்த நேரத்தில் கடலில் இருந்த கப்பல்காரர்கள் இரவில் மலைச்சரிவு சிவப்பாக ஒளிர்வதைப் பார்த்தார்கள், மற்றவர்களுக்கு வாய்க்கவில்லை. அப்படி வாய்த்தாலும் ஆடும் கப்பலில் ட்ரைபாடுக்கு வேலையில்லை. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தயங்காமல் ஏற்றிக் கையிலேயே பிடித்து எடுக்க வேண்டியதுதான்.

லாவாவே குறி என்றால் ஹவாயின் கிலவேயா எரிமலையைக் கவனியுங்கள், 2024 டிசம்பரில் தொடங்கி அங்கே விட்டுவிட்டு நெருப்பூற்று எழும்பியிருக்கிறது.

காலபகோஸில் எடுக்க வேண்டியது ஆறிய லாவா. சாண்டியாகோ தீவின் சலிவன் விரிகுடாவில் நூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முன் வழிந்து உறைந்த பாறைவெளி இருக்கிறது. மேற்பரப்பு முழுக்க வடம் திரித்துச் சுருட்டிப் போட்டது போல மடிப்பு மடிப்பாக இருக்கும், காலை வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் கிடைக்கும். அங்கே விலங்கே இல்லை என்று பலர் கேமராவைப் பைக்குள் போடுவார்கள். நீங்கள் போடாதீர்கள், வெடிப்பில் முளைத்த லாவாக் கள்ளி ஒன்று அகப்பட்டால் அதுவே போதும்.

ஒரு விவரம், பாதையைப் புரிந்துகொள்ள உதவும். பூமிக்கடியில் எரிமலைகளை உண்டாக்கும் வெப்பப்புள்ளி அப்படியே இருக்க, மேலே இருக்கும் நாஸ்கா என்னும் நிலத்தட்டு கிழக்குப் பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் மேற்கே இருக்கும் தீவுகள் இளசு, உயரம், கறுப்பு. கிழக்கே போகப்போகக் கிழடு, தட்டை, அரிப்பு. நிலக்காட்சி வேண்டுமானால் மேற்கு, பறவை வேண்டுமானால் கிழக்கும் வடக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

பெங்களூரு வாசகர்: ட்ரோன்?

கூடாது. சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், எடை குறையும்.

மதுரை வாசகி: எனக்கு வயது 66, முழங்கால் வலி உண்டு. கடல் பயணமும் ஒத்துக்கொள்ளாது. மகன் கூப்பிடுகிறான், போகலாமா?

போகலாம் அம்மா, இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு. கரையிறங்குவது இரண்டு வகை. 'உலர் இறக்கம்' என்றால் படகிலிருந்து நேராகப் பாறையிலோ படியிலோ கால் வைப்பது, 'ஈர இறக்கம்' என்றால் முழங்கால் அளவு தண்ணீரில் குதித்து மணலுக்கு நடப்பது. கேட்க ஈரம்தான் பயமாக இருக்கும், உண்மையில் மணலில் இறங்குவது சுலபம். வழுக்கும் பாறையில் ஆடும் படகிலிருந்து கால் எடுத்து வைப்பதுதான் முழங்காலுக்குச் சோதனை. படகோட்டி கை நீட்டுவார், கையைப் பிடிக்காமல் மணிக்கட்டுக்கு மேலே முன்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் நழுவாது. கேமரா அப்போது பைக்குள் இருக்கட்டும்.

எஸ்பனோலாவின் சுவாரெஸ் முனைப் பாதை முழுக்க உருண்டைக் கற்கள், ஊன்றுகோல் வேண்டும். பர்தலோமே தீவின் உச்சிக்கு மரப்படிகள் முந்நூற்றுக்கும் மேல். ஏற முடியாவிட்டால் வருத்தம் வேண்டாம், அந்த நேரம் ரப்பர் படகில் கரையோரமாகச் சுற்றினால் கூம்புப் பாறையின் அடியில் பென்குயின் அகப்பட வாய்ப்பு உண்டு, உச்சிக்குப் போனவர்களுக்கு அது கிடைக்காது.

குமட்டலுக்கு: ஆகஸ்ட், செப்டம்பரைத் தவிருங்கள். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். மாத்திரையை ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, முன்பே போடணும். எந்த மாத்திரை என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

நாகர்கோவில் கல்லூரி மாணவர்: கப்பல் பயணத்துக்கெல்லாம் என்னிடம் பணம் இல்லை. மொபைல் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. விமான டிக்கெட் பெரிய செலவுதான், அதை மறைக்க மாட்டேன். பூங்கா நுழைவுக் கட்டணமும் 2024 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டவருக்கு 200 டாலர், முன்பு 100-ஆக இருந்தது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் கப்பலில்தான் தங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. சாண்டா குரூஸ் தீவின் புவெர்ட்டோ அயோராவில் அறை எடுத்துத் தங்கலாம், மக்கள் வாழும் மற்ற தீவுகளுக்கு அதிவேகப் படகு ஓடுகிறது, வடக்கு செய்மோர், பர்தலோமே மாதிரி இடங்களுக்கு ஒரு நாள் சுற்றுலா உண்டு. தூரத்து ஜெனோவேசாவும் ஃபெர்னாண்டினாவும் இந்தக் கணக்கில் வராது, அவ்வளவுதான்.

புவெர்ட்டோ அயோராவில் துறைமுகச் சாலையில் சின்னதாக ஒரு மீன் சந்தை இருக்கிறது. மீன் வெட்டும் மேசைக்குப் பின்னால் கடற்சிங்கம் ஒன்று வாடிக்கையாளரைப் போலக் காத்து நிற்கும், கூழைக்கடாக்கள் மேசை மேலேயே எட்டிப் பார்க்கும், மீன்காரர் ஒரு கையால் வெட்டி மறு கையால் விரட்டிக்கொண்டிருப்பார். கட்டணம் இல்லை, வழிகாட்டியும் வேண்டாம். மொபைலின் அகலக் கோணம் அதற்கென்றே செய்தது மாதிரி. மேட்டு நிலத்துக்குப் போனால் ராட்சத ஆமைகள் புல் மேய்கிற தோட்டங்கள் இருக்கின்றன. அது தலையைத் தூக்கும்வரை தரையோடு தரையாக உட்கார்ந்து காத்திருங்கள். டிஜிட்டல் ஜூமை மட்டும் தொடாதீர்கள்.

சிங்கப்பூர் வாசகர்: மன்னிக்கவும், ஆனால் காலபகோஸ் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. நீலக்கால் பூபி, சிவப்பு நண்டு, இகுவானா முகம். இத்தனை செலவில் போய் அதையேதான் எடுக்க வேண்டுமா?

கொஞ்சம் காரமான கேள்வி, ஆனால் நியாயம். முகத்துக்கு நேரே வந்து நிற்கும் விலங்கை முகம் மட்டும் எடுப்பது இயல்பு, எல்லோரும் அதையே செய்கிறார்கள். முதல் நாள் அதை எடுத்துத் தீர்த்துவிடுங்கள், தப்பில்லை. இரண்டாம் நாளிலிருந்து அகல லென்ஸுக்கு மாறுங்கள். விலங்கு இவ்வளவு பக்கத்தில் ஓடாமல் நிற்கும் இடம் உலகில் அதிகம் இல்லை, அந்தச் சலுகையை நீள லென்ஸில் வீணடிக்கக் கூடாது என்பது என் கட்சி. முன்னால் இகுவானா, அதன் பின்னால் லாவாவெளி, அதற்கும் பின்னால் மேகம் சூழ்ந்த எரிமலை. ஒரே படத்தில் அந்தப் பிராணி எங்கே வாழ்கிறது என்பது தெரிந்துவிடும். முன்னும் பின்னும் கூர்மையாக விழ லென்ஸ் துளை எஃப் 11, தரையை ஒட்டிய கோணம், இரண்டு மீட்டர் இடைவெளியோடு. விலங்கு சின்னதாகத்தான் விழும், விழட்டும்.

இன்னொன்று, போஸை விட்டுவிட்டு நடத்தையைப் பிடியுங்கள். ஆண் நீர்க்காகம் கடலிலிருந்து ஏறி வரும்போது வாயில் ஒரு கொத்துக் கடற்பாசி இருக்கும், கூட்டில் இருக்கும் பெட்டைக்குப் பரிசு. அவள் வாங்கி, பார்த்து, தனக்குப் பிடித்த இடத்தில் செருகுவாள். எஸ்பனோலாவின் ஆல்பட்ராஸ் வானத்தில் இருக்கும்போது ராஜா, தரையில் நடந்தால் கால் வலிக்காரர். பறப்பதற்காகச் செங்குத்துப் பாறையின் விளிம்பு வரை தள்ளாடித் தள்ளாடி வந்து அங்கிருந்து காற்றில் விழும். பறக்கும் படத்துக்கு எல்லோரும் வானத்தைப் பார்த்து நிற்பார்கள், நீங்கள் அந்த நடையை எடுங்கள்.

சேலம் வாசகர்: நம் நாட்டிலேயே எரிமலைத் தீவு இருக்கிறதே, அங்கே போனால் என்ன?

அந்தமானின் பாரன் தீவைச் சொல்கிறீர்கள். இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை, 1991-இலிருந்து விட்டுவிட்டுக் குமுறிக்கொண்டிருக்கிறது. ஆனால் சுற்றுலாப் பயணிகள் கரையிறங்க முடியாது, கப்பலில் இருந்தபடி பார்க்கலாம், அவ்வளவுதான். திருச்சிக்காரர் வாங்க நினைத்த லென்ஸ் அங்கே உதவும்.

ஈரோடு வாசகி: சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஊறுகாய், பொடி எல்லாம் எடுத்துப் போகலாமா? சார்ஜருக்கு நம் ஊர் பின் சேருமா?

பின் சேராது. அங்கே அமெரிக்க மாதிரித் தட்டைப் பின், 120 வோல்ட் அளவு. அடாப்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், கப்பல் அறையில் பிளக் குறைவாக இருக்கும் என்பதால் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷனும். சைவம் என்று முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்தால் சோறு, பீன்ஸ், வாழைக்காய், பழம் என்று ஏதாவது கிடைக்கும், காரம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

உணவுப் பொருளில் அங்கே கெடுபிடி அதிகம். வெளியிலிருந்து வந்த விதையும் பூச்சியும் ஆடும் அந்தத் தீவுகளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல, 2023-இல் பறவைக் காய்ச்சல் வந்தபோது சில கரைகளையே மூடினார்கள். தீவுக்கு விமானம் ஏறும் நிலையத்திலேயே பையைச் சோதிப்பார்கள். பழம், விதை, செடி எதுவும் போகாது, கொட்டையோடு இருக்கும் புளியை வீட்டிலேயே வையுங்கள். ஆலையில் அடைத்த பருப்புப் பொடியாக இருந்தாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள், விட்டால் விடட்டும். ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணையும், ட்ரைபாட் கால்களின் உள்ளே இருக்கும் மண்ணையும் ஈரோட்டிலேயே கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.